4007 டையோடுக்குச் சொந்தமா மாடல் போட்டேன், நடுவுல 8 மில்லிவோல்ட் பள்ளம். எங்க தப்பு?

#1 வளவு_வோல்ட் (ஞாயிறு, மதியம் 3.10)

வணக்கம். ஊர் கானாடுகாத்தான் பக்கம். ஐயா வீட்டுல கரண்ட் போனா முகப்பு விளக்கும் ரெண்டாங்கட்டு விளக்கும் தானா எரியணும். அதுக்காக 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி வச்சு ஒரு சார்ஜர் போட்டுக்கிட்டிருக்கேன். டிரான்ஸ்பார்மர், நாலு 4007 டையோடு, ஒரு கெப்பாசிட்டர், பின்னாடி ரெகுலேட்டர். சின்ன சர்க்யூட்தான். இருந்தாலும் சோல்டரிங் அயர்னைச் சூடாக்குறதுக்கு முன்னாடி எல்டிஸ்பைஸ்ல (சர்க்யூட்டைக் கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற ஸ்பைஸ் வகை மென்பொருள்) ஒரு தடவை ஓட்டிப் பாத்துருவோம்னு உக்காந்தேன். அங்க புடிச்சது வினை.

4007-க்கு நெட்டுல தேடினா மாடல், அதாவது டையோடு எப்படி நடந்துக்கும்னு ஸ்பைஸுக்குச் சொல்ற எண்கள், கொட்டிக் கிடக்கு. ரெண்டை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஒண்ணுல ஐஎஸ் (சாச்சுரேஷன் கரண்ட்) 76.9 பைக்கோ ஆம்பியர், என் (கோட்டோட சாய்வைச் சொல்ற எண், N) 1.45. இன்னொண்ணுல ஐஎஸ் 7 நானோ, என் 1.8. ஐஎஸ் மட்டும் 90 மடங்கு வித்தியாசம். ரெண்டுக்கும் பேரு 4007 தான்! கூத்து என்னன்னா, 1 ஆம்பியர்ல ஓட்டினா ரெண்டும் 0.91 வோல்ட்டுன்னு ஒத்துமையா சொல்லுது. 1 மில்லி ஆம்பியருக்கு இறங்கினா ஒண்ணு 0.61, இன்னொண்ணு 0.55.

ஒரே ஜாதகத்தை ரெண்டு ஜோசியர்கிட்ட காட்டின கதையாயிருச்சு. சரி, நாமளே அளந்து நாமளே எழுதுவோம்னு இறங்கிட்டேன். பேட்டரி, ரெசிஸ்டரை மாத்தி மாத்திப் போட்டு ரெண்டு மீட்டர். வந்த கணக்கு:

0.1 மில்லி ஆம்பியர்: 481 மில்லிவோல்ட்
1 மில்லி ஆம்பியர்: 580
10 மில்லி ஆம்பியர்: 671
100 மில்லி ஆம்பியர்: 770

கரண்ட் பத்து மடங்கு ஏறுற ஒவ்வொரு தடவையும் வோல்ட் ஒரே அளவு ஏறணும், அதுதானே டையோடு? முதல் ஏத்தம் 99, கடைசி ஏத்தம் 99. நடுவுல மட்டும் 91. மூணு டையோடு மாத்திப் பாத்துட்டேன், மூணும் அதே இடத்துல தடுக்குது. யாராச்சும் சொல்லுங்க.

#2 சோல்டர்_சித்தன் (ஞாயிறு, 3.25)

டூப்ளிகேட் டையோடு மச்சான். 2 ரூவாய்க்கு வாங்கினா அப்படித்தான். 😄

#3 தேவகோட்டை_டிராப் (ஞாயிறு, 3.52)

டூப்ளிகேட்டா இருந்தா கோடே வேற மாதிரி இருக்கும், நடுவுல மட்டும் தடுக்காது. தம்பி, 1-ல இருந்து 10-க்குப் போறப்ப ஆம்பியர் மீட்டர்ல ரேஞ்ச் மாத்துனீங்களா? மலிவு மீட்டர்ல ரெண்டு ரேஞ்சும் ரெண்டு சதவீதம் தள்ளித் தள்ளிக் காட்டும். இன்னொண்ணு, வோல்ட் மீட்டர் முள்ளை டையோடு கால்லயே வச்சீங்களா, பிரெட்போர்டு ஓட்டைல வச்சீங்களா?

#4 வளவு_வோல்ட் (ஞாயிறு, 4.30)

அண்ணே, ரேஞ்ச் மாத்தினேன். ஆனா ரெண்டு ரேஞ்சுலயும் ஒரே கரண்டை விட்டுப் பாத்தேன், ஒண்ணுல 1.00, இன்னொண்ணுல 1.01. அந்த ஒரு சதவீதத்துக்கு அரை மில்லிவோல்ட் கூட வராது. முள்ளு கால்லயேதான், உடம்புல இருந்து அரை இஞ்ச்.

#5 ஓய்வு_ஆய்வகம் (ஞாயிறு, மாலை 6.05)

தம்பி, அளந்தது வீட்டின் எந்தப் பகுதியில்? நான்கு அளவையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்தீர்களா?

#6 வளவு_வோல்ட் (ஞாயிறு, 6.20)

நீங்க கேக்குறது புரியல, இருந்தாலும் சொல்றேன். முதல் ரெண்டும் காலைல வளவுக்குள்ள (வீட்டுக்குள்ள முற்றத்தைச் சுத்தின இடம்) உக்காந்து எடுத்தேன். அப்புறம் அப்பத்தா, "சோறு போடுற நேரத்துல வளவுல வயரை விரிச்சு வச்சிருக்கியே, யாரு காலு தடுக்குறது"ன்னு விரட்ட, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வெளித் திண்ணைக்குப் போயிட்டேன். 10-ம் 100-ம் அங்க எடுத்தது. மணி ஒண்ணரை இருக்கும்.

#7 ஓய்வு_ஆய்வகம் (ஞாயிறு, 6.48)

அதுதான் பள்ளம். டையோடில் கோளாறு எதுவும் இல்லை.

சிலிக்கான் டையோடு ஒரு டிகிரி சூடானால், அதே கரண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைவாகக் காட்டும். நம் பக்கத்து வீடுகளில் உயரமான கூரை, தடித்த சுவர், காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். கத்திரி வெயிலிலும் வளவுக்குள் 31, 32 டிகிரியில் நிற்கும். திண்ணை 36, 37-க்குப் போயிருக்கும். ஐந்து டிகிரி வித்தியாசத்துக்கு 9, 10 மில்லிவோல்ட். நீங்கள் வரைந்திருப்பது ஒரு டையோடின் கோடு அல்ல. பாதி வளவுக் கோடு, பாதி திண்ணைக் கோடு.

நான் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் இருந்தபோது பிள்ளைகள் மின்விசிறிக்கு நேரே ஒரு மேசையும் சுவரோரம் ஒரு மேசையும் போட்டு இதே விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். "சோதனை ஏடு"களில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பைஸ் அந்த எண்கள் 27 டிகிரியில் எடுத்தவை என்று தானாக நினைத்துக்கொள்ளும். நீங்கள் 31-ல் அளந்து, அதை எழுதாமல் விட்டால், நிரல் கணக்குப் போடுகிற எல்லா வெப்பநிலையும் 4 டிகிரி தள்ளியே போகும். மாடல் வரியில் டிநாம் என்று ஒரு இடம் உண்டு. அதில் 31 என்று எழுதுங்கள். தெர்மாமீட்டர் இருக்கிறதா?

#8 சோல்டர்_சித்தன் (ஞாயிறு, 6.55)

டூப்ளிகேட்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆய்வக ஆச்சிக்கு ஒரு கும்பிடு.

#9 வளவு_வோல்ட் (திங்கள், காலை 9.40)

ஆச்சி, ராத்திரியே எல்லாத்தையும் திரும்ப எடுத்தேன். முழுசும் வளவுக்குள்ள, ஃபேனை நிறுத்திட்டு, டையோடு பக்கத்துலயே தெர்மாமீட்டர். 31 டிகிரி.

481, 580, 680, 779. பள்ளம் போயே போச்சு!

இப்ப கணக்கு. பத்து மடங்குக்குச் சராசரி ஏத்தம் 99.3 மில்லிவோல்ட். 31 டிகிரில தெர்மல் வோல்டேஜ் 26.2 மில்லிவோல்ட், அதை 2.303-ஆல பெருக்கினா 60.35. 99.3-ஐ 60.35-ஆல வகுத்தா என் 1.645. அதை வச்சு 1 மில்லி ஆம்பியர் புள்ளில பின்னாடி போனா ஐஎஸ் 1.44 நானோ வந்துச்சு. நெட்டுல கிடைச்ச ரெண்டு மாடலுக்கும் நடுவுல உக்காந்திருக்கு.

1 ஆம்பியர்லதான் மாட்டிக்கிட்டேன். பொத்தானை அமுக்கினதும் 0.92. கண்ணு முன்னாடியே இறங்குது, 0.90, 0.88, 0.86... எதை எழுதுறது?

#10 ஓய்வு_ஆய்வகம் (திங்கள், 10.15)

முதலில் கண்ட 0.92-ஐ. 1 ஆம்பியரில் டையோடுக்குள் கிட்டத்தட்ட 1 வாட் எரிகிறது. அது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. பிறகு வருகிற எண்ணெல்லாம் 31 டிகிரி டையோடின் எண் அல்ல. இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமானால் அரை மில்லி நொடி மட்டும் கரண்ட் விட்டு ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்.

ஐஎஸ், என் இரண்டும் சேர்ந்து 1 ஆம்பியருக்கு 0.878 தரும். மிச்சம் 42 மில்லிவோல்ட். அது ஆர்எஸ் (டையோடுக்குள் தொடராக இருக்கும் மின்தடை): 0.042 ஓம்.

#11 வளவு_வோல்ட் (திங்கள், 10.31)

0.042 போட்டேன். 100 மில்லி ஆம்பியர்ல இப்ப 783 காட்டுது, அளந்தது 779. 4 மில்லிவோல்ட் கூட. சார்ஜருக்கு இது போதும்னு விட்டுட்டேன். முடிஞ்சதும் கோப்பைப் பொதுவுல போடுறேன்.

கேள்வி: முதல்ல சொன்ன ரெண்டு மாடலும் 1 ஆம்பியர்ல மட்டும் ஏன் அப்படி ஒத்துப் போச்சு?

#12 செம்பவாங்_செட்டி (திங்கள், மதியம் 1.05)

பூர்வீகம் பள்ளத்தூர், இப்ப சிங்கப்பூர்ல சிப் டிசைன் வேலை. இந்த இழையைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

ஏன்னா டேட்டாஷீட்ல கொட்டை எழுத்துல இருக்கிற ஒரே புள்ளி அந்த 1 ஆம்பியர். மாடல் எழுதுறவர் கோட்டை அந்த ஆணில மாட்டிடுறார். அதுக்குக் கீழ கோடு எப்படித் தொங்குதுங்கிறது அவர் கைல எந்தக் கிராஃப் இருந்துச்சு, எந்தக் கம்பெனி டையோடு, எவ்வளவு தூரம் பொறுமை இருந்துச்சுங்கிறதைப் பொறுத்தது. ஐஎஸ்ஸும் என்னும் ஜோடி. ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணை ஏத்திச் சரிக்கட்டிரலாம். அதனாலதான் "ஐஎஸ் எவ்வளவு"ன்னு தனியா கேக்குறதுல அர்த்தமே இல்ல. இந்த மாடல்ல ஐஎஸ், அந்த மாடல்ல என்னுன்னு கலந்து எடுத்தவங்களையும் பாத்திருக்கேன். அது இவர் வீட்டு மாப்பிள்ளைக்கு அவர் வீட்டுப் பொண்ணோட ஜாதகத்தை ஒட்டுற மாதிரி.

இந்த .மாடல் வரியை இன்னைக்கும் நாங்க "கார்டு"ன்னுதான் சொல்றோம். ஸ்பைஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்துல நேகல், பெடர்சன் ரெண்டு பேரோட வேலை. 1973 ஏப்ரல்ல கனடாவுல வாட்டர்லூ மாநாட்டுல முதல்ல வெளிய வந்துச்சு. ஃபோர்ட்ரான் காலம், ஒவ்வொரு வரியும் ஓட்டை போட்ட ஒரு அட்டை. அட்டை போச்சு, பேரு நிக்குது. பெர்க்லி அதைப் பூட்டி வைக்காம வெளிய விட்டதாலதான் இன்னைக்கு என்ஜிஸ்பைஸ் இலவசமா கிடைக்குது, கைகேட்ல (சர்க்யூட், பிசிபி வரையுற மென்பொருள்) உள்ளயே இருக்கு.

#13 தேவகோட்டை_டிராப் (திங்கள், இரவு 8.50)

தம்பி, சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. டிடி (டையோடு மூடிக்க எடுக்குற நேரத்தைத் தீர்மானிக்கிற எண்) என்ன போட்டீங்க?

கதை சொல்றேன். நாலு வருசம் முன்னாடி ஒரு கம்பெனில இருந்தேன், பேர் வேணாம். எல்இடி டிரைவர், 50 கிலோஹெர்ட்ஸ். என் மேலாளர் "4007 நம்மகிட்ட மூட்டை மூட்டையா கிடக்கு, அதையே போடு"ன்னாரு. நானும் நெட்டுல இருந்து ஒரு 4007 மாடலை எடுத்து ஓட்டினேன். எண்ணெய் விட்ட செக்கு மாதிரி ஓடுச்சு. எஃபிசியன்சி 88 சதவீதம். படம் எடுத்து மீட்டிங்ல போட்டுக் கைத்தட்டு வேற வாங்கினேன்.

போர்டு வந்துச்சு. ஆன் பண்ணி ஒரு நிமிஷம். டையோடு மேல வச்ச விரலை எடுத்தது எனக்கே தெரியல, அவ்வளவு சூடு. கீழ பிசிபி காப்பிக்கலர்.

மாடலைத் திறந்து பாத்தா ஐஎஸ், என், ஆர்எஸ். அவ்வளவுதான். டிடின்னு ஒரு வார்த்தை கிடையாது. எழுதாம விட்டா ஸ்பைஸ் அதை பூஜ்ஜியம்னு எடுத்துக்கும். அதாவது கரண்டை நிறுத்தின அந்தக் கணமே மூடிக்கிற தெய்வீக டையோடு. நிஜ 4007 அப்படி இல்ல. உள்ள சேந்த சார்ஜ் வெளியேறுற வரைக்கும், சில மைக்ரோ செகண்டு, தலைகீழாவும் கரண்டை விடும். 50 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சுத்தே 20 மைக்ரோ செகண்டுதான். அதுல மூணு நாலு இப்படி எதிர்ப்பக்கம் போனா என்ன ஆகும்! யூஎஃப்4007 போட்டதும் அடங்குச்சு, அது 75 நானோ செகண்டு.

இப்ப நீங்க சொன்ன ரெண்டு மாடலையும் நானும் பாத்தேன். ஒண்ணுல டிடி 4.32 மைக்ரோ, இன்னொண்ணுல 0.1 மைக்ரோ. 40 மடங்கு. இதுல எதை நம்புறது?

#14 வளவு_வோல்ட் (திங்கள், 9.15)

அண்ணே எனக்கு 50 ஹெர்ட்ஸ்தானே, டிடி இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாதே?

#15 தேவகோட்டை_டிராப் (திங்கள், 9.22)

உங்களுக்கு ஆகாது. நீங்க அந்தக் கோப்பைப் பொதுவுல போடுறேன்னீங்களே, நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் எடுத்து 50 கிலோஹெர்ட்ஸ்ல போடுவான். அவனுக்கு ஆகும்.

#16 ஓய்வு_ஆய்வகம் (செவ்வாய், காலை 7.30)

டிராப் தம்பி சொல்வது சரி. அளப்பதும் கடினமில்லை. சதுர அலை, ஒரு ரெசிஸ்டர், ஆசிலோஸ்கோப். முன்னோக்கிப் போகும் கரண்டும் பின்னோக்கி இழுக்கும் கரண்டும் சமமாக வருமாறு மின்னழுத்தத்தை அமையுங்கள். அலை தலைகீழானதும் கரண்ட் உடனே பூஜ்ஜியமாகாது. கீழே ஒரு மேடை மாதிரித் தட்டையாக நின்று, பிறகுதான் விழும். அந்த மேடையின் நீளத்தை 0.69-ஆல் வகுத்தால் டிடி. (இரண்டின் இயல் மடக்கை 0.693, அங்கிருந்து வருகிறது.)

#17 ஓப்பன்_சர்க்யூட் (செவ்வாய், 11.00)

எதுக்கு இவ்வளவு பாடு? என்கிட்ட கம்பெனிக்காரங்க வெப்சைட்ல இருந்து இறக்கின லிப் கோப்பு (மாடல் எழுதின கோப்பு) இருநூறுக்கு மேல இருக்கு. டையோடு, மாஸ்ஃபெட், ஆப்ஆம்ப் எல்லாம். ஜிப் பண்ணிப் பொது ஃபோல்டர்ல போட்டுடறேன். தமிழ் ஆளுங்க எல்லாருக்கும் உதவும். தலைப்புல இருக்கிற இங்கிலீஷ் குப்பையை எல்லாம் நீக்கிச் சுத்தம் பண்ணியும் வச்சிருக்கேன்.

#18 செம்பவாங்_செட்டி (செவ்வாய், 11.40)

ஐயா, அந்த "இங்கிலீஷ் குப்பை"யைப் படிச்சீங்களா? பல கோப்புல முதல் பத்து வரிலயே "நீங்க பயன்படுத்தலாம், மத்தவங்களுக்குப் பரப்பக்கூடாது"ன்னு இருக்கும். அதை நீக்கிட்டுப் பொதுவுல போடுறது திருட்டுன்னு கடுமையா சொல்ல வேணாம், ஆனா நல்ல காரியமும் இல்ல. அந்தப் பத்து வரில எந்தப் பதிப்பு, எதை மாடல் பண்ணலைங்கிறதும் இருக்கும். "நாய்ஸ் சேர்க்கப்படவில்லை", "25 டிகிரிக்கு மட்டும்". அதைத்தான் நீங்க முதல்ல அழிச்சிருக்கீங்க.

#19 ஓப்பன்_சர்க்யூட் (செவ்வாய், 12.10)

நல்லது பண்ண வந்தா இப்படித்தான். சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு சட்டம் பேசலாம். இங்க காலேஜ் பசங்களுக்கு ஒரு மாடல் தேடி எடுக்குறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சுரும். பாதி கோப்பு பூட்டு வேற போட்டிருக்கான், பிஸ்பைஸ்ல மட்டும் திறக்குமாம், எல்டிஸ்பைஸ்ல ஒண்ணும் தெரியாது.

#20 செம்பவாங்_செட்டி (செவ்வாய், 12.35)

பூட்டு போடுறது எனக்கும் புடிக்கல, உங்க பக்கம்தான். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத மாடல் தப்பா காட்டினா யார்கிட்ட போய்க் கேக்குறது? அதுக்கு வழி ஒண்ணே ஒண்ணு. அந்த வளவு தம்பி பண்றது. வாங்கின டையோடு, அளந்த எண், எழுதின வரி, எல்லாம் தம்பியோடது. எவனும் கேள்வி கேக்க முடியாது. உங்க இருநூறுக்குப் பதிலா லிங்க் பட்டியல் போடுங்க, எந்தக் கம்பெனிப் பக்கத்துல எது இருக்குன்னு. அதுவே பெரிய உதவி.

#21 மட்டுறுத்துநர் (செவ்வாய், 12.50)

ஜிப் வேண்டாம். லிங்க் பட்டியல் போடலாம். இடத்தை வச்சு யாரையும் பேச வேண்டாம்.

#22 சோல்டர்_சித்தன் (செவ்வாய், இரவு 9.30)

என் வயித்தெரிச்சலையும் கேளுங்க. வளவு அண்ணன் இங்க சொன்ன எண்ணை வச்சு மாடல் எழுதி என்ஜிஸ்பைஸ்ல போட்டேன். டையோடுக்குக் குறுக்கால 1 மெகா ஓம் லீக்கேஜ் இருக்கட்டும்னு "1எம்"னு அடிச்சேன். சர்க்யூட் செத்துப் போச்சு. ரெண்டு மணி நேரம் மாடலைத் திட்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஸ்பைஸுக்கு எம்னா மில்லியாம்! பெருசா எழுதினாலும் சின்னதா எழுதினாலும் மில்லிதான். மெகாவுக்கு "மெக்"னு மூணு எழுத்தும் போடணுமாம். 1 மில்லி ஓமைக் குறுக்கால போட்டு, டையோடு ஏன் வேலை செய்யலன்னு பாத்துக்கிட்டிருந்திருக்கேன்.

#23 தேவகோட்டை_டிராப் (செவ்வாய், 9.41)

சங்கத்துக்கு வரவேற்கிறேன். அடுத்து கெப்பாசிட்டருக்கு "1எஃப்"னு போடுவீங்க, அது 1 ஃபெம்டோ ஃபாரட். அதுக்கடுத்து நெட்லிஸ்ட்டோட (சர்க்யூட்டை வரி வரியா எழுதின கோப்பு) முதல் வரில மாடல் கோப்பைச் சேக்குற கட்டளையை எழுதுவீங்க. முதல் வரி தலைப்புன்னு ஸ்பைஸ் அதைப் படிக்காமலே தாண்டிரும். அதுவும் அட்டைக் காலத்துப் பழக்கம்.

டிரான்சிஸ்டர்ல இன்னொரு பொறி. ஸ்பைஸுக்கு வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர். நம்ம பிசி547-க்குக் காலும் அதே வரிசை, தப்பிச்சுக்கலாம். 2என்3904-க்குக் கால் எமிட்டர்ல ஆரம்பிக்கும். சிம்பலோட கால் எண்ணை அப்படியே மாடலுக்கு ஒட்டினா தலைகீழா நிக்கும். கெயின் கொஞ்சமா இருக்கும், ஆனா வேலை செய்யும்! சுத்தமா வேலை செய்யலன்னா கண்டுபிடிச்சிரலாம். அரைகுறையா செய்யும், அதான் ஆபத்து.

#24 வளவு_வோல்ட் (வியாழன், மாலை 5.20)

டிடி எடுத்தாச்சு. காரைக்குடில ஒரு நண்பன் கடைல ஆசிலோஸ்கோப் இருக்கு, அங்க போனேன். மேடை 2.9 மைக்ரோ செகண்டு. 0.69-ஆல வகுத்தா 4.2. டிராப் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்: என் கைல இருக்கிற டையோடுக்கு 4.32 சொன்ன ஆள்தான் கிட்டத்துல இருந்திருக்காரு. ஆனா அதே மாடலோட ஐஎஸ், என் எனக்கு ஒத்து வரல. நல்ல வேளை கலந்து எடுக்கல.

கோப்பைப் போட்டுட்டேன். மாடல் வரிக்கு மேல நட்சத்திரக்குறி வச்சு இப்படி எழுதியிருக்கேன், குறை இருந்தா சொல்லுங்க:

* 4007 டையோடு, கடைல உதிரியா வாங்கினது, மூணு டையோடு அளந்து நடுவுல உள்ளது
* அளந்த இடம் வளவு, 31 டிகிரி, ஃபேன் இல்லாம
* ஐஎஸ், என்: 0.1 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை அளந்து எடுத்தது. 100-ல 4 மில்லிவோல்ட் கூடக் காட்டும்
* ஆர்எஸ்: 1 ஆம்பியர், முதல் வாசிப்பு மட்டும்
* டிடி: வேற இடம், சுமார் 33 டிகிரி, 20 மில்லி ஆம்பியர் போக 20 மில்லி ஆம்பியர் வர
* சிஜேஓ (டையோடோட கெப்பாசிட்டன்ஸ்) அளக்கல. எழுதல. அதனால பூஜ்ஜியம்னு எடுத்துக்கும், ஜாக்கிரதை
* பிரேக்டவுன் அளக்கல, 1000 வோல்ட் என்கிட்ட இல்ல
* யார் வேணா எடுக்கலாம், மாத்தலாம். மாத்தினா மேல உள்ளதை அழிக்காம கீழ எழுதுங்க

#25 ஓய்வு_ஆய்வகம் (வியாழன், 6.00)

"அளக்கல, எழுதல" என்ற இரண்டு வரிக்காகவே இந்தக் கோப்பை நம்புவேன்.

சார்ஜருக்கு ஒரு வார்த்தை. டையோடுக்கு வெப்பநிலை பார்த்தீர்கள், பேட்டரிக்குப் பார்த்தீர்களா? ஈய அமில பேட்டரிக்கு ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட். ஆறு செல்லுக்கு 18. ஃப்ளோட் (பேட்டரி நிறைந்த பிறகும் விடாமல் கொடுக்கும் மின்னழுத்தம்) 13.65 வோல்ட் என்பது 25 டிகிரிக்குச் சொல்வது. திண்ணையில் 37 டிகிரியில் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் குறைத்து 13.43 அளவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் தண்ணீர் வற்றி பேட்டரி போய்விடும். வெறும் 12 வோல்ட் சோர்ஸை பேட்டரி என்று போட்டு ஓட்டினால் இது தெரியவே தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1953-ல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேட்டரியை இரண்டு கோடாக வரைந்துவிட்டுப் போகலாமா?

#26 வளவு_வோல்ட் (வியாழன், 6.12)

வெறும் 12 வோல்ட் சோர்ஸ்தான் போட்டிருந்தேன் ஆச்சி. மாட்டிக்கிட்டேன். பேட்டரியை வளவுக்குள்ள வச்சிடறேன், அப்பத்தாகிட்ட பேசி.

#27 காயில்_கட்டுறவன் (வியாழன், இரவு 10.40)

வணக்கம். காரைக்குடில ஸ்டெபிலைசர், டிரான்ஸ்பார்மர் காயில் கட்டுறேன். முப்பது வருசம். கம்ப்யூட்டர் தெரியாது, பையன் படிச்சுக் காட்டினான். டையோடுக்கு இவ்வளவு பாத்தீங்களே, டிரான்ஸ்பார்மருக்கு என்ன போட்டீங்க?

#28 வளவு_வோல்ட் (வியாழன், 10.55)

அண்ணே, 230-க்கு 13.8-ன்னு ரெண்டு இண்டக்டர் போட்டு, கப்ளிங் (ஒரு காயிலோட காந்தப்புலம் இன்னொண்ணுக்கு எவ்வளவு போய்ச் சேருதுங்கிற எண்) 1 வச்சேன். இண்டக்டன்ஸ் விகிதம் சுத்து விகிதத்தோட வர்க்கம்னு படிச்சேன், அதுப்படி.

#29 காயில்_கட்டுறவன் (வியாழன், 11.10)

வர்க்கம் சரி. 1 தப்பு. எந்தக் காயிலும் முழுசா இன்னொரு காயிலைப் பாக்காது. அது போகட்டும். உங்க ஊருல ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை வோல்ட்?

#30 வளவு_வோல்ட் (வெள்ளி, காலை 6.30)

அலாரம் வச்சு எழுந்து பாத்தேன். 255!

#31 காயில்_கட்டுறவன் (வெள்ளி, இரவு 9.00)

நினைச்சேன். மோட்டார் எல்லாம் நின்னதும் ஏறும்.

உங்க அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் என்கிட்ட இருந்துச்சு. சீரிஸ் பல்பு போட்டு முதல்ல ஷார்ட் இல்லன்னு பாத்துட்டு, பல்பை எடுத்துட்டு, செகண்டரில எதுவும் மாட்டாம, வேரியாக்ல (வோல்ட்டைத் திருகி ஏத்தி இறக்குற டிரான்ஸ்பார்மர்) ஏத்தினேன். 230-ல 30 மில்லி ஆம்பியர். 240-ல 36. 255-ல 52. கோர் உறும ஆரம்பிச்சிருச்சு.

#32 செம்பவாங்_செட்டி (வெள்ளி, 9.35)

அண்ணே, நாலு வரில பெரிய விஷயம் சொல்லிட்டீங்க. தம்பி, உங்க மாடல் 230-ல 30 மில்லி ஆம்பியர்னா இண்டக்டன்ஸ் 24.4 ஹென்றி. அது நேர்கோடு. 255-க்கு அது 33 மில்லி ஆம்பியர்னு சொல்லும். நிஜம் 52. கோர் நிரம்புது. ஸ்டாம்பிங்கை (கோர்ல அடுக்குற இரும்புத் தகடு) கொஞ்சமா வச்சுக் கட்டினா இப்படித்தான். எல்டிஸ்பைஸ்ல சாதா இண்டக்டருக்குப் பதிலா, ஹெச்சி, பிஆர், பிஎஸ்னு கோரோட மூணு எண்ணும் அளவும் சுத்தும் குடுத்தா நிரம்புறதையும் காட்டும். காயில் அண்ணன்கிட்ட சுத்து எண்ணிக்கை, கோரோட குறுக்களவு, காந்தப் பாதை நீளம் வாங்கிக்கங்க. செகண்டரியை ஷார்ட் பண்ணி, கம்மி வோல்ட்ல பிரைமரி இண்டக்டன்ஸையும் அளந்துட்டா அந்த 1-க்குப் பதிலா நிஜ எண் வந்துரும்.

#33 காயில்_கட்டுறவன் (வெள்ளி, 9.50)

ஸ்டாம்பிங் கொஞ்சமா வச்சது நான் இல்ல. அது ரிப்பேருக்கு வந்த வேற ஆள் வேலை. நான் கட்டினா 270 வரைக்கும் உறுமாது.

#34 செம்பவாங்_செட்டி (வெள்ளி, 9.53)

மன்னிச்சுக்கங்க அண்ணே!

#35 வளவு_வோல்ட் (ஞாயிறு, மதியம் 12.15)

நேத்து காயில் அண்ணன் கடைக்குப் போய் உக்காந்து ரெண்டு டிரான்ஸ்பார்மரையும் அளந்தோம், உறுமுறதையும் உறுமாததையும். சுத்து எண்ணிக்கை அவர் நோட்டுல பென்சில்ல இருக்கு, 1998-ல இருந்து. ரெண்டுக்கும் தனித்தனிக் கோப்பு போட்டிருக்கேன். தலைப்புல வோல்ட், கரண்ட், சுத்து, கோர் அளவு, அளந்த நேரம் எல்லாம் இருக்கு. சிமுலேஷன்ல 255-ல 49 வருது, நிஜம் 52. வெப்பநிலையும் எழுதிட்டேன் ஆச்சி, 34.

#36 காயில்_கட்டுறவன் (ஞாயிறு, 12.40)

பாத்தேன். பையன் காட்டினான். எல்லாம் சரி தம்பி, கோப்புல கடைப் பேரை மட்டும் எடுத்துருங்க. நாளைக்கு எவனாச்சும் வந்து, "உங்க டிரான்ஸ்பார்மர் கம்ப்யூட்டர்ல 3 மில்லி ஆம்பியர் கம்மியா காட்டுது"ன்னு சண்டைக்கு நிப்பான்.

#37 வளவு_வோல்ட் (ஞாயிறு, 12.44)

எடுத்துட்டேன் அண்ணே. இப்ப "காரைக்குடி, நல்ல ஸ்டாம்பிங்"னு மட்டும் இருக்கு.